மணியா, புரூனோவா? வெள்ளைக் குட்டிக்கு ஒரு பேர்

வைகைக்கரை
03.06.2025, இரவு 9.10

ராஜபாளையம் ஆண் குட்டி. சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. இன்றோடு 50 நாள். வருகிற ஞாயிறு வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். வீட்டில் ஆறு பேர், பாட்டிக்கு 74, சின்னவளுக்கு 5. பேர் விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. இதுவரை பட்டியலில் இருப்பவை: மணி, புரூனோ, ஸ்நோ, சிம்பா, வெள்ளையன், காஸ்பர். அப்பா சொல்வது, "நாய்க்கு எந்தப் பேரும் ஒன்றுதான், சோறு போடுகிறவன் குரல்தான் அதுக்குப் பேர்". இது சரியா? சரி என்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடித்துவிடலாம்.

கரிசல்
03.06.2025, இரவு 10.05

சீட்டுக் குலுக்க வேண்டாம் தம்பி. அப்பா சொல்வதில் பாதி சரி. பேரின் அர்த்தம் நாய்க்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ஒலி ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தாளில் எழுதும் பேரை நாய் ஒருநாளும் கேட்காது, கூப்பிடும் பேரைத்தான் கேட்கும். தமிழில் இந்த இரண்டும் ஒன்றல்ல. வெள்ளையன் என்று வைத்தால் கூப்பிடுவது "வெள்ளையா". கருப்பன் "கருப்பா" ஆவான், வீரன் "வீரா" ஆவான். காஸ்பர் பாட்டி வாயில் "காஸ்பரு", குழந்தை வாயில் "காப்பர்". ஸ்நோ "சினோ" ஆகும், இல்லாவிட்டால் "இஸ்னோ". மேக்ஸ், ஜாக், ரெக்ஸ் என்று மெய்யில் முடியும் பேர் எதுவானாலும் நம் வாய் கடைசியில் ஒரு உகரம் சேர்த்துவிடும்: மேக்ஸு, ஜாக்கு, ரெக்ஸு. அந்த உகரம் உதட்டோடு அமுங்கிப்போகிற ஒலி, கேட் வரைகூடப் போகாது.

அதனால் நான் பார்ப்பது கடைசி உயிரை. ஆ என்றால் வாய் அகலத் திறக்கும், சத்தம் அதிகம். ஈ கூர்மையாகப் போகும். இந்த இரண்டில் ஒன்றில் முடிந்தால் 100 அடியில் நிற்கிற நாயையும் இழுத்துக் கூப்பிடலாம். ஓ பரவாயில்லை. உ வேண்டாம்.

தொடக்கத்துக்கு க, ட, ப, ஜ மாதிரி வெடித்து வரும் எழுத்து. ஸ, ஷ, ச வேண்டாம். நீளம் இரண்டு அசை, அதாவது ம-ணி மாதிரி இரண்டு ஒலித்துண்டு, மிஞ்சினால் மூன்று.

சோதனை இது. ஆறு பேரும் ஒவ்வொருவராக மொட்டைமாடியில் நின்று, நாய் தெருக்கோடியில் இருப்பதாக நினைத்து, அந்தப் பேரைக் கூப்பிட வேண்டும். போனில் பதிவு செய்து வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். ஆறும் ஒரே பேராகக் கேட்டால் அது தேறியது. ஆறும் ஆறு மாதிரி கேட்டால் அந்தப் பேரைக் கழித்துவிடுங்கள்.

இன்னொன்று, முடிந்தால் 56 நாள் தாயோடு இருக்கட்டும். ஒரு வாரம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஊசிமருந்து
04.06.2025, காலை 6.40

பேருக்கு முன்னால் காது. சுத்த வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு வருவது உண்டு. முடிக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேண்டும், அவை இல்லாவிட்டால் பிறந்து மூன்று நான்கு வாரத்தில் உள்காது செத்துவிடும். அந்தக் குட்டி கூடப்பிறந்தவற்றைப் பார்த்து அவை ஓடும்போது தானும் ஓடும், திரும்பும்போது தானும் திரும்பும். அதனால் விற்பவருக்கே தெரியாமல் போகலாம்.

குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். அது தூங்கும்வரை பொறுங்கள். நன்றாகத் தூங்கியதும் பத்து அடி தள்ளி, அதன் பின்பக்கம், எவர்சில்வர் டம்ளருக்குள் சாவிக்கொத்தைப் போட்டு ஒரு குலுக்கு. தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு உடம்புக்குத் தெரிந்துவிடும். முகத்தருகே கை தட்டாதீர்கள், காற்று படும். வாசனைப் பொருள் எதுவும் கையில் இருக்கக் கூடாது. காது துடித்தாலோ கண் திறந்தாலோ கேட்கிறது. அரைமணி விட்டு இன்னொரு முறை, மறுபக்கத்திலிருந்து.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியும் உண்டு. அது சத்தத்துக்கு விழிக்கும், ஆனால் சத்தம் வந்த திசை தெரியாமல் தலையைத் தப்பான பக்கம் திருப்பும். வீட்டு நாயாக வளர்க்க இதனால் தடையில்லை. தெருவில் வண்டி வரும் பக்கம் தெரியாது, அதனால் கயிறு இல்லாமல் விடக் கூடாது.

இரண்டு காதும் கேட்காது என்று சந்தேகம் வந்தால், தலைத்தோலில் மெல்லிய மின்முனை வைத்து மூளைத்தண்டின் எதிர்வினையைப் பதிவு செய்யும் சோதனைதான் முடிவு சொல்லும். அப்படிப்பட்ட குட்டிக்கும் பேர் உண்டு, அது தொடுகை. வலது தோளில் இரண்டு விரலால் இரண்டு தட்டு, திரும்பியதும் தீனி. எப்போதும் அதே தோள், அதே இரண்டு தட்டு. தூரத்துக்குக் கை உயர்த்துவது, இருட்டில் டார்ச்சை இரண்டு முறை அணைத்துப் போடுவது.

வைகைக்கரை
05.06.2025, இரவு 8.30

சாவிக்கொத்துச் சோதனை இரண்டு பக்கமும் தேறியது அக்கா. முதல் குலுக்கிலேயே தலையைத் தூக்கியது, திசையும் சரி. 56 நாள் வரை விடவும் சம்மதித்துவிட்டார்கள்.

மொட்டைமாடிச் சோதனையில் ஸ்நோவும் காஸ்பரும் அவுட். மிச்சம் மணி, புரூனோ, சிம்பா, வெள்ளையா. பாட்டிக்கு மணிதான் பிடித்திருக்கிறது. அண்ணே, நீங்கள் சொன்ன கணக்குக்கும் மணி சரியாகத்தானே வருகிறது? இரண்டு அசை, ஈயில் முடிகிறது.

ஊசிமருந்து
05.06.2025, இரவு 9.15

மணி வேண்டாம். வீட்டுக்குள் ஒருநாள் முழுக்கக் காது கொடுத்துக் கேளுங்கள். "மணி என்ன?" "எட்டு மணிக்கு வந்துடு." "மணி ஆச்சு, கிளம்பு." "மணி அடிக்குது, யாருன்னு பாரு." குக்கர் விசிலுக்கு அடுத்தபடி வீட்டில் அதிகம் கேட்கும் ஒலி அதுதான். குட்டி ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பத்து நாளில் "இந்தச் சத்தத்துக்குத் திரும்பினால் ஒன்றும் கிடைக்காது" என்று பாடம் படித்துவிடும். அதன்பிறகு நிஜமாகக் கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி படுத்திருக்கும். அதைத் திமிர் என்று நாம் சொல்லுவோம்.

இப்போது சாப்பாட்டுப் பேர் வைக்கிறார்களே, லட்டு, இட்லி, புட்டு, காபி, சட்னி, அதிலும் இதே கோளாறுதான். இட்லி என்று பேர் வைத்த நாய் காலை ஏழு மணிக்குச் சமையலறை வாசலில் நிற்கும், மாலையில் கூப்பிட்டால் வராது.

கரிசல்
05.06.2025, இரவு 11.20

இதில் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. மணி தமிழ்நாட்டில் இத்தனை தலைமுறை ஓடியிருக்கிற பேர். உதவாத ஒலியாக இருந்திருந்தால் எப்போதோ செத்திருக்கும்.

"எட்டு மணிக்கு" என்னும்போது மணி குறில், குரல் தாழ்வு, வாக்கியத்தின் நடுவில் மற்ற சொற்களோடு ஒட்டிக்கொண்டு போகிறது. கூப்பிடும்போது "மணீஈஈ", தனியாக, மேலே ஏறுகிற குரலில். எழுத்தில்தான் இரண்டும் ஒரே சொல். காதுக்கு இரண்டும் வேறு வேறு. குரலின் ஏற்ற இறக்கத்தை நாய் நன்றாகப் பிரிக்கும். ஏறுகிற குரலில் சின்னச் சின்னதாக வரும் ஒலி நாயை ஓடிவரச் செய்யும், நீண்டு தாழ்கிற குரல் அதை நிறுத்தும் என்பது மேய்ச்சல் நாய்க்காரர்கள் எல்லா நாட்டிலும் அறிந்தது.

கரிசல்
06.06.2025, காலை 5.50

ராத்திரி எழுதியதில் ஒரு திருத்தம். மணி என்ற பேர் ஓடியது எந்த இடத்தில் என்று யோசித்தால் ஊசிமருந்து சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த மணிகள் வாசலிலும் களத்திலும் தோட்டத்திலும் கிடந்த நாய்கள். வீட்டுக்குள் யார் யாரிடம் மணி கேட்டார்கள் என்று அவற்றின் காதுக்குப் போகவே இல்லை. தூரத்திலிருந்து இழுத்துக் கூப்பிட்ட "மணீஈ" மட்டும்தான் போனது. இன்றைக்குக் குட்டி சோபாவுக்கு அடியில் படுத்து வீட்டுப் பேச்சு முழுவதையும் கேட்கிறது. தோட்டத்து நாய்க்கு மணி நல்ல பேர், கூடத்து நாய்க்குக் கொஞ்சம் சிரமம். பாட்டி விடாப்பிடியாக இருந்தால் வையுங்கள், ஆனால் எப்போதும் இழுத்தே கூப்பிட வேண்டும், "மணி" என்று வெட்டி அல்ல.

தெருவில் மணி என்ற பேரில் பெரியவர் யாராவது இருந்தால் அதுவே போதும், வேண்டாம். சுப்பிரமணி, பாலமணி, நாகமணி எல்லாருமே வீட்டில் மணிதான். நாயை அதட்டும்போது அவர் காதில் விழும். சாதிப் பட்டம், சாமி பேர், உறவில் யார் பேரும் வேண்டாம். இது ஒலிக்கணக்கில் வராது, அக்கம்பக்கத்தோடு 12 வருஷம் வாழ்கிற கணக்கில் வரும்.

நெய்தல்
06.06.2025, காலை 10.30

புரூனோவை யாரும் தொடவில்லையே. நாயிடம் எந்த மொழியில் பேசப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் வீடுகளில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ்: "சிட்", "நோ", "கம்", அதோடு "வா", "போ", "இரு", "விடு". நாயை வளர்க்கிற வீட்டில் அதிகம் விழுகிற கட்டளை "நோ". புரூனோவின் கடைசி அசை நோ. டினோ, நீனோ, கேசினோ எல்லாம் அதே கூட்டம். செருப்பைக் கடிக்கும்போது "நோ நோ நோ", அடுத்த நிமிடம் கொஞ்சலாக "புரூனோ".

தமிழ்க் கட்டளைக்கும் இதே கதை. ஜீவா, தேவா, சிவா, ரேவா எல்லாவற்றுக்கும் வாலில் "வா" இருக்கிறது. "ஜீவா இரு" என்றால் வர வேண்டுமா, இருக்க வேண்டுமா? லில்லி, பில்லி என்றால் "நில்லு" பக்கத்தில் வருகிறது. போபோ, ஹிப்போ என்றால் "போ". கிட்டு, சிட்டு என்றால் "சிட்". சூ என்று தொடங்கும் பேர் கூடவே கூடாது, நம் ஊரில் ஏவி விடுகிற சத்தம் அது. தெருப் பையன் யாராவது விளையாட்டாகச் சூ சொன்னால் வினை.

பேர் மேல் ஆசை விடவில்லை என்றால் கட்டளையை மாற்றுங்கள். "நோ"வுக்குப் பதில் "ஏய்" அல்லது "தப்பு". வீட்டில் ஆறு பேரும் மாற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் நடக்காது.

கரிசல்
06.06.2025, மாலை 7.00

நான் முதல் குறிப்பில் ஸ, ஷ, ச வேண்டாம், க, ட, ப வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸகரத்தின் ஒலி மிக உயர்ந்த அதிர்வெண். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை, நாய்க் காது ஏறக்குறைய 45,000 வரை. பக்கத்தில் இருக்கும்போது ஸகரம் நாயின் காதைச் சட்டென்று இழுக்கும், அதில் குறையே இல்லை. ஆனால் உயர்ந்த ஒலி காற்றில் சீக்கிரம் தேயும், சுவர் மூலையைச் சுற்றி வளைந்தும் வராது. அதனால் அறைக்குள் நல்லது, தோட்டத்தில் வீண். அடுக்குமாடியில் மட்டும் வளரும் சின்ன நாய்க்கு ரோஸி, சூசி, ஜாஸி எதுவும் தப்பில்லை. உங்கள் குட்டி வளர்ந்தால் தோள் உயரம் 65, 70 சென்டிமீட்டர், பாய்ச்சல் நாய். முயலோ பூனையோ கண்ணில் பட்டால் மூச்சு விடுவதற்குள் 100 அடி போயிருக்கும். அதுக்குத் தூரத்துப் பேர்தான் வேண்டும்.

க, ட, ப விஷயத்திலும் நான் கூட்டிச் சொல்லிவிட்டேன். 2020இல் ஹங்கேரியில் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தார் நாய்களின் தலையில் மின்முனை ஒட்டி ஒரு ஆய்வு செய்தார்கள். தெரிந்த சொல்லையும் சம்பந்தமே இல்லாத சொல்லையும் நாயின் மூளை உடனே பிரித்தது. தெரிந்த சொல்லில் ஒரே ஒரு ஒலியை மட்டும் மாற்றினால் பிரிக்கவில்லை. அதாவது நாய் நம்மைப் போல எழுத்தெழுத்தாகக் கேட்பதாகத் தெரியவில்லை, மொத்த உருவத்தைப் பிடிக்கிறது. எனவே முதல் எழுத்து எது என்பதைவிட, வீட்டில் அடிக்கடி புழங்கும் வேறு சொல்லிலிருந்து பேர் எவ்வளவு விலகி நிற்கிறது என்பதுதான் பெரிது. நெய்தல் சொன்ன "நோ", "வா" இதில் அடங்கும். ஊசிமருந்து சொன்ன மணியும் அடங்கும்.

வைகைக்கரை
06.06.2025, இரவு 9.45

அப்படியானால் புரூனோவும் போச்சு. சிம்பாவும் வெள்ளையாவும் மிச்சம். தெருவில் ஏற்கெனவே இரண்டு சிம்பா இருக்கிறது என்று சின்னவள் சொல்கிறாள். வேறு தமிழ்ப் பேர் இருந்தால் சொல்லுங்கள். ஞமலி, சுணங்கன் என்று பழைய சொல் இருக்கிறதாமே?

நெய்தல்
07.06.2025, காலை 9.00

ஞமலி, ஞாளி, சுணங்கன் மூன்றுக்கும் அர்த்தம் நாய்தான். நாய்க்கு நாய் என்றே பேர் வைத்த மாதிரி ஆகிவிடும். ஞமலியில் ஞவும் மவும் மூக்கொலி, தூரத்துக்கு எடுபடாது. சுணங்கன் கூப்பிட "சுணங்கா", வாயில் நன்றாக வருகிறது, ஆனால் முதலில் சு.

உண்மையிலேயே ஒரு நாயின் சொந்தப் பேர் வேண்டுமென்றால் தமிழில் கல்வெட்டில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, 7ஆம் நூற்றாண்டு. மாட்டு மந்தையைக் காக்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்ட கல், பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்த நாயைப் பேர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பேர் கோவிவன். 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர் தன் நாயின் பேரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. நினைக்கும்போதே மயிர் கூச்செறிகிறது.

கரிசல்
07.06.2025, காலை 11.40

கோவிவனை மறந்தே போனேன், நல்ல நேரத்தில் எடுத்துக் கொடுத்தீர்கள்.

வேட்டைநாய்க்குச் சின்னப் பேர் என்பது நமக்கு மட்டும் தோன்றியதல்ல. கிரேக்கத்தில் செனபோன் என்ற எழுத்தாளர் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வேட்டை பற்றி எழுதும்போது, கூப்பிட வசதியாகக் குட்டையான பேர் வை என்று சொல்லிவிட்டு 47 பேரை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். பெரும்பாலும் இரண்டு அசை: பிலாக்ஸ், சைகி, அல்கி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆட்டுக்காரர்கள் ஒரே அசையில் முடிப்பார்கள்: மாஸ், கேப், ராய், மெக், நெல். மலைச்சரிவில் நிற்கும் நாய்க்குப் பேரைச் சொன்ன கையோடு கட்டளை போக வேண்டும், நீட்ட நேரமில்லை.

பிரான்சில் பதிவுபெற்ற குட்டிக்கு அந்த வருஷத்து எழுத்தில்தான் பேர் தொடங்க வேண்டும். 2024இல் பிறந்தால் வி, 2025இல் பிறந்தால் மறுபடி ஏ. ஆறு எழுத்தை ஒதுக்கிவிட்டு 20 எழுத்தில் சுற்றுகிறார்கள். பேரைப் பார்த்தே வயதைச் சொல்லலாம். ஆனால் அது தாளில் உள்ள பேர், வீட்டில் கூப்பிடுவது வேறாக இருக்கும். நம் பாடத்துக்கும் அதுதான் ஒத்து வருகிறது. தாளில் கோவிவன் என்று எழுதுங்கள், வாயில் வேறு.

வைகைக்கரை
07.06.2025, மதியம் 1.15

கோவா என்று கூப்பிடலாமா?

நெய்தல்
07.06.2025, மதியம் 1.20

வாலில் வா.

வைகைக்கரை
07.06.2025, மதியம் 1.32

சரி, கோவி. பாட்டி "கோவீ" என்று இழுத்தே கூப்பிட்டுவிட்டார்கள். ஆறு பேர் பதிவும் ஒரே மாதிரி கேட்கிறது. அடுத்த வாரம் ஞாயிறு குட்டி வந்ததும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கரிசல்
07.06.2025, இரவு 10.30

குட்டியை வாங்கப் போகும்போது அவர்கள் சாப்பாட்டுக்கு எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் "தோ தோ தோ" என்றுதான் இருக்கும், சிலர் தட்டைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் குட்டிக்கு ஏற்கெனவே தெரியும், அதை வீணாக்க வேண்டாம். முதல் இரண்டு நாள் "கோவி", அரை நொடி இடைவெளி, "தோ தோ", பிறகு தீனி. மூன்றாம் நாள் தோ தோவை விட்டுவிடலாம்.

தீனி: உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, பொட்டுக்கடலை அளவுக்குப் பிய்த்தது. ஒரு தடவைக்கு 10 துண்டு. நாளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு முன்னால். ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

முதல் மூன்று நாள் ஒரே அறை. டிவி அணைத்திருக்க வேண்டும். துண்டுகளை இடது கைக்குள் மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். குட்டி வேறெங்கோ பார்க்கும்வரை பேசாமல் நில்லுங்கள். தரையை மோந்துகொண்டிருக்கும்போது சாதாரணக் குரலில் ஒரே ஒரு முறை "கோவி". முதலில் காதுமடல் அசையும், பிறகு கழுத்து திரும்பும், பிறகு கண் உங்கள் கண்ணில் நிற்கும். அந்தக் கண் நிற்கும் கணத்தில் "சபாஷ்". ஒரு நொடிக்குள் துண்டு வாயில் இருக்க வேண்டும். கை முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது சபாஷுக்குப் பிறகுதான். கையை முன்னாலேயே நீட்டினால் குட்டி கையைப் படிக்கும், பேரைப் படிக்காது. நிறைய பேர் சறுக்குவது இங்கேதான்.

நான்காம் நாளிலிருந்து ஆள் மாறட்டும். இரண்டு பேர் பத்தடி இடைவெளியில் உட்கார்ந்து மாறி மாறி. பிறகு அடுத்த அறையிலிருந்து. இரண்டாம் வாரம் மொட்டைமாடி, கேட்டுக்கு உள்ளே. இடம் புதிதாக இருந்தால் தூரத்தை மூன்றடிக்குக் குறையுங்கள். தடுப்பூசித் தவணை முடியும்வரை தெருத்தரையில் விட வேண்டாம், கையில் வைத்துக்கொண்டே பழக்கலாம்.

பத்துக்கு எட்டு முறை இரண்டு நொடிக்குள் திரும்பினால் அடுத்த இடத்துக்குப் போகலாம். ஆறுக்குக் கீழே போனால் பழைய இடத்துக்கே திரும்புங்கள்.

திரும்பவில்லை என்றால் பேரை மறுபடி சொல்லக் கூடாது. உதட்டால் "உச் உச்" அல்லது இரண்டடி பின்னால் நகருங்கள், திரும்பும். "கோவி, கோவி, கோவி, கோவி" என்று நாலு தரம் சொன்னால் நாலாவது தரத்துக்குத் திரும்புகிற நாயைத்தான் நீங்கள் தயார் செய்கிறீர்கள்.

ஊசிமருந்து
08.06.2025, காலை 7.10

இதோடு சேர்க்க வேண்டியது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மருந்து ஊற்றாதீர்கள், நகம் வெட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், சங்கிலியில் கட்டாதீர்கள். அந்த வேலைக்கெல்லாம் நீங்கள் எழுந்து போய்க் குட்டியைத் தூக்குங்கள், வாய் திறக்க வேண்டாம். திட்டும்போதும் பேர் வேண்டாம், "ஏய்" போதும்.

முதல் மூன்று வாரம் செல்லம், தங்கம், பட்டு, கண்ணு, குட்டி எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். ஆறு பேர் வீட்டில் ஆறு செல்லப்பேர் முளைக்கும், குட்டிக்கு எதுவுமே பேராக நிற்காது. பேர் பிடித்த பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லிக் கொஞ்சுங்கள்.

பேர் வேறு, "வா" வேறு. பேர் என்றால் "என்னைப் பார்" என்று மட்டும்தான் பொருள். பார்த்த பிறகு அடுத்த சொல். இரண்டையும் ஒன்றாக்கினால் "கோவி, இரு" என்று ஒருநாளும் சொல்ல முடியாது.

நெய்தல்
08.06.2025, மதியம் 12.20

இடையில் ஒரு கேள்வி. தெருவிலிருந்து எடுத்த நாய், மூன்று வயசு இருக்கும். முன்பு வளர்த்தவர்கள் டாமி என்று வைத்திருந்தார்களாம். வீட்டில் ஏற்கெனவே டாலி இருக்கிறது. மாற்றலாமா?

கரிசல்
08.06.2025, மதியம் 2.00

தாராளமாக. மாற்றியே ஆக வேண்டும், டாமியும் டாலியும் ஒரே அச்சு. முதல் உயிரும் கடைசி உயிரும் இரண்டுமே ஒன்று. ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் வரும், தீனித் தட்டில் சண்டையும் வரும்.

1957 நவம்பர் 3இல் விண்வெளிக்குப் போன லைக்காவே முதலில் குத்ரியாவ்கா, சுருள்முடிக்காரி என்று அர்த்தம். 1899இல் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கு முதல் பதிவாக எழுதப்பட்ட ஹோரண்டும் அதற்கு முன்னால் ஹெக்டர். வளர்ந்த நாய்க்குப் பேர் மாற்றுவது புதிதல்ல.

முறை: புதிய பேர், அரை நொடி, பழைய பேர், திரும்பியதும் தீனி. வரிசை முக்கியம், புதியதுதான் முன்னால். நாளைக்கு 30 முறை, ஐந்தாறு நாள். புதிய பேருக்கே கழுத்து திரும்ப ஆரம்பித்ததும் பழையதை விட்டுவிடுங்கள். பழைய பேரைக் கேட்டதும் வாலைச் சுருட்டிப் பதுங்கினால், அடி வாங்கிய பேர் அது. அப்போது பழையதை ஒருமுறைகூடச் சொல்ல வேண்டாம், குட்டிக்குச் சொன்ன மாதிரி முதலிலிருந்து.

டாலிக்குப் பக்கத்தில் வைக்க, அசை எண்ணிக்கையே வேறாக இருக்கட்டும். கருப்பா, பைரவா மாதிரி மூன்று அசை.

ஊசிமருந்து
08.06.2025, மதியம் 2.15

பைரவா வாலில் வா, அண்ணே.

கரிசல்
08.06.2025, மதியம் 2.17

ஆமாம். கருப்பா.

வைகைக்கரை
22.06.2025, இரவு 9.00

குட்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. அறைக்குள் பத்துக்கு எட்டு, மொட்டைமாடியில் பத்துக்கு ஐந்து. ஒரு சிக்கல் இருக்கிறது. "காபி" என்று யார் சொன்னாலும் திரும்பிப் பார்க்கிறது. புடாபெஸ்ட் ஆய்வில் சொன்னது இதுதானோ? பேரை மாற்ற வேண்டுமா?

கரிசல்
22.06.2025, இரவு 9.50

இதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். காபியும் கோவியும் நமக்குத் தூரம், குட்டிக்குப் பக்கம். இரண்டும் கவில் தொடங்கி இயில் முடிகிறது, நடுவில் உள்ள பகரமும் வகரமும் பேச்சில் உரசிக்கொள்ளும். ஒரு வாரத்துக்காக மாற்ற வேண்டாம்.

நெடிலை வைத்துப் பிரிக்கலாம். "கோ"வை நன்றாகக் குவித்து, கடைசி ஈயை மேலே ஏற்றிக் கூப்பிடுங்கள். காபியை வழக்கம்போலப் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். பிறகு பத்து நாள், தினமும் ஒரு தடவை இந்தப் பயிற்சி: கோவீ ஆறு முறை, காபி நாலு முறை, கலந்து கலந்து. கோவிக்குத் திரும்பினால் சபாஷும் துண்டும். காபிக்குத் திரும்பினால் ஒன்றுமில்லை, முகத்தையும் பார்க்காதீர்கள், ஐந்து நொடி கழித்து அடுத்தது. காபி இரண்டு தடவை அடுத்தடுத்து வரக் கூடாது. அந்தப் பத்து நாளும் வீட்டில் காபி போடும் நேரத்தில் குட்டி கூடத்தில் இருக்க வேண்டாம், வாசலுக்கு அழைத்துப் போங்கள்.

பத்து நாள் கழித்தும் காபி நாலில் இரண்டுக்குத் திரும்பினால் அப்போது மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். 10 வாரக் குட்டிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

மொட்டைமாடியில் ஐந்து என்பது குறைவு. தூரத்தைப் பாதியாக்குங்கள்.

ஊசிமருந்து
23.06.2025, காலை 6.30

தடுப்பூசி அட்டையில் பேர் எழுத அவசரம் வேண்டாம், பத்து நாள் பயிற்சி முடியட்டும். வெறிநாய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் போடுவார்கள், அந்த அட்டையில் எழுதும் பேர்தான் பிறகு மாநகராட்சி உரிமத்திலும் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பதிவிலும் போகும். மூன்றிலும் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றில் கோவி, ஒன்றில் கோவிவன் என்று இருந்தால் ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்போது கேள்வி வரும். சிப்பின் 15 இலக்க எண்ணையும் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

கழுத்துப்பட்டை வில்லையில் பேரைவிட உங்கள் போன் எண் பெரிதாக இருக்கட்டும். காணாமல் போனால் கண்டெடுப்பவருக்கு வேண்டியது அதுதான்.

வைகைக்கரை
04.07.2025, இரவு 8.40

நேற்றுப் பத்தாம் நாள் முடிந்தது. காபிக்கு நாலில் ஒன்றுகூட இல்லை. கோவீ ஆறுக்கு ஆறு. பாட்டி கூப்பிட்டால் மட்டும் காதை அசைப்பதற்கு முன்பே எழுந்து ஓடுகிறது. அட்டையில் கோவி என்றே எழுதச் சொல்லப்போகிறோம்.

கரிசல்
04.07.2025, இரவு 9.05

பாட்டி கையில் கோழித்துண்டு எப்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இருக்கட்டும். இன்னும் இரண்டு மாதம் வீட்டில் எல்லாரும், கூப்பிடும் பத்தில் மூன்றுக்காவது எதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆறு மாத வயசில் காது தூரத்துச் சத்தத்துக்கும் மூக்கு தெரு வாசனைக்கும் போகும், அப்போது பேர் மங்குகிற மாதிரி தெரியும். பயப்படாமல் மூன்றடித் தூரத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி அறைக்குள்ளிருந்து ஆரம்பியுங்கள். நீளக் கயிறு 30 அடி வாங்கி வையுங்கள், அதுவரை திறந்த வெளியில் கயிறு இல்லாமல் விட வேண்டாம்.